எதையும் மாற்ற வேண்டாம்

வியெர்சோனில் பதினோரு வீடு பார்த்துக் கால் ஓய்ந்து
ஒதில் ப்ரெழோனின் அழைப்புமணியை அழுத்தினோம்.
உள்ளே ஒரு குயில் கூவியது.
இயக்குநர் என் முழங்கையைக் கிள்ளினார்.

ஆரஞ்சு வட்டம் போட்ட சுவர்த்தாள்.
தொலைக்காட்சிப் பெட்டிமேல் பின்னல் விரிப்பு,
விரிப்பின்மேல் லூர்து மாதா,
மாதாவின் வயிற்றில் வெப்பமானி.
சோபாவுக்கு இன்னும் கடையில் போட்ட பாலிதீன் உறை;
உட்கார்ந்தால் கிறீச்சிட்டது,
எழுந்தாலும்.

"எதையும் மாற்ற வேண்டாம், மதாம்.
அப்படியே இருக்கட்டும். அப்பழுக்கில்லை."
ஒதில் காதுவரை சிவந்தாள்.
ரயில் பட்டறையில் முப்பத்தோராண்டு
போல்ட்டு முடுக்கிய அவள் கணவர் மர்சியால்
தொண்டையைச் செருமினார்:
"சுவர்த்தாள் நானே ஒட்டியது."
"தெரிகிறது" என்றார் இயக்குநர்.
நாங்கள் நால்வரும் அவரவர் ஷூவைப் பார்த்துக்கொண்டோம்.

நாளுக்கு முந்நூறு யூரோ, ஒன்பது நாள்.
எனக்குப் பொருள் ஏற்பாட்டு வேலை.
பாரிஸ் கிடங்கில் மூன்று பெட்டி அசிங்கம்
வாடகைக்கு எடுத்துப் போயிருந்தேன்.
இரண்டைத் திறக்கவே இல்லை.
மூன்றாவதிலிருந்து ஒரு பீங்கான் நாயை,
காது உடைந்தது,
கணப்புத் திட்டின்மேல் வைத்தேன்.
வாங்குகிற சம்பளத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே.

கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.
பாரிஸ் பையன், பெரிய இடம்,
காதலியின் பெற்றோரைப் பார்க்க வருகிறான்.
தொண்ணூறு நிமிடம் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம்,
கடைசிப் பத்து நிமிடம் திருந்துவோம்.
அதுதான் எங்கள் தொழில் தர்மம்.
திருந்துகிற காட்சிக்கு மட்டும் பியானோ.

முதல் காட்சி அவர்கள் ஊரிலேயே. மேயர் வந்தார்.
மூன்றாம் வரிசை நடுவில்
நீலக் கோட்டில் ஒதில்,
இறுக்கிக் கட்டிய டையில் மர்சியால்.

திரையில் கதவு திறந்தது. குயில் கூவியது.
காமிரா மெல்ல உள்ளே போனது.
நடிகர் ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பின்வரிசையில்தான் தொடங்கியது;
பால் பொங்குகிறமாதிரி,
பார்த்துக்கொண்டே இருக்கும்போது விளிம்பு தாண்டிவிட்டது.
அதே சோபாவில் உட்கார்ந்து
கிறிஸ்துமஸ் மது குடித்த பேக்கரிக்காரி
கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.
மர்சியாலும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி,
ரயில் போன பிறகு இறங்குகிற கேட்டு மாதிரி.

ஒதில் சிரிக்கவில்லை, அழவுமில்லை.
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் நினைவு வந்தவள்போல்
கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரியில்
ஒரு தாளில் கையெழுத்து விட்டுப்போனதென்று
என்னை மறுபடி அனுப்பினார்கள்.
மணியை மாற்றியிருந்தார்கள். வெறும் டிங்.
மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி.

காப்பி ஊற்றினாள். கையெழுத்துப் போட்டாள்.
மர்சியால் தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருப்பதை
ஜன்னலில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்:
"அன்றைக்கு எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?
நீங்கள் விஷயம் தெரிந்தவர்.
சொன்னால் அதை மட்டும் எடுத்துவிடுவேன்."

நாக்கு நுனிவரை மாதா வந்தாள்,
வட்டங்கள் வந்தன, விரிப்பு வந்தது.
ஒன்றைச் சொன்னால் மற்றது தப்பிக்குமா?
விழுங்கிவிட்டுச் சொன்னேன்:
"அந்த நாயை."

திரும்பிப் பார்த்தாள்.
நாய்க்கு இப்போது இரண்டு காது.
ஒன்று மட்டும் புது வெள்ளையாய்,
பட்டறைக்காரர் கைவேலை, அளவெடுத்த மாதிரி.

"அது உங்களுடையதாயிற்றே" என்றாள்.
"மறந்து விட்டுப் போனீர்களென்று
பத்திரமாக எடுத்துவைத்தோம்."

செய்தித்தாள் தேடி எடுத்து
காது படாமல் நிதானமாகச் சுற்றத் தொடங்கினாள்.
நான் எழுந்தேன்.
சோபா கிறீச்சிட்டது.